புகை தெரியாவிடின் நஞ்சும் இல்லையோ?

"இயற்கை எரிவளி தூய எரிபொருள், அதனால் இயங்கும் மின்னிலையம் புகை கக்காது" என்னும் பேச்சு நாடெங்கும் பரப்பப்பெறுகின்றது. 2019-ஆம் ஆண்டில் எண்ணூரில், ஆண்டுக்கு 50 இலக்கம் டன் நீர்ம எரிவளியைக் கையாளும் முனையம் திறக்கப்பெற்ற பின்னர், சென்னையின் தொழிற்பகுதிகளிலும் இப்பேச்சு வலுப்பெற்றுள்ளது. 1964-இல் தொழிற்பேட்டை கண்ட அம்பத்தூரும், படைத்துறைத் தொழிற்சாலைகளைத் தாங்கும் ஆவடியும், நாளும் விரியும் பூந்தமல்லியும் மின்னாற்றலின்றி ஒரு நாழிகையும் இயங்கா. 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டின்போது இப்பகுதிப் பட்டறைகள் டீசல் மின்னாக்கிகளைக் கொண்டே உயிர்பிழைத்தன. அக்கரும்புகையைக் கண்ணாற் கண்டவர்க்குப் 'புகையில்லா மின்னாக்கம்' என்னும் சொல் தேனாய் இனிப்பது இயல்பே. ஆயின் இனிக்கும் சொல்லெல்லாம் மெய்ச்சொல் ஆகிவிடா.

எரிவளி மின்னிலையம் இயங்குமாறு இது: வெளிக்காற்றை ஓர் அமுக்கி உள்ளிழுத்து நெருக்குகின்றது. நெருக்குண்ட காற்றோடு எரிபொருள் கலந்து எரியறையில் எரிகின்றது. 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தோடு பொங்கி விரியும் அவ்வளி, சுழலியின் அலகுகளைத் தள்ளிச் சுழற்ற, அதனோடு பிணைந்த மின்னாக்கி மின்னைத் தருகின்றது. சுழலியை விட்டு நீங்கும் வளியிலும் 500 பாகையளவு வெப்பம் எஞ்சியிருக்கும். அதனை அப்படியே வெளிவிட்டால், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்னாகும். அவ்வெப்பத்தால் நீரை ஆவியாக்கி இரண்டாவது சுழலியையும் இயக்கினால், பாதிக்கு மேற்பட்ட பங்கு மின்னாகும்.

இவ்வேறுபாட்டை நம் நாட்டிலேயே காணலாம். திருவாரூர் மாவட்டத்துக் கோவில்களப்பால் நிலையத்தில் எரிவளிச் சுழலி 70 மெகாவாட்டு மின்னைத் தருகின்றது. அதன் கழிவு வெப்பமே நீராவிச் சுழலியை இயக்கி மேலும் ஏறத்தாழ 38 மெகாவாட்டுத் தருகின்றது. சென்னைப் பேசின் பாலத்தில் 1996-இல் அமைந்த 'எரிவளிச் சுழலி' நிலையமோ, தலைக்கு 30 மெகாவாட்டு வீதம் நான்கு சுழலிகள் கொண்டது. நீராவிச் சுழலி அதில் இல்லை. நாப்தா என்னும் கல்லெண்ணெய்ப் பொருளை எரிக்கவே அது அமைக்கப்பெற்றது. பெயரிலுள்ள 'எரிவளி' சுழலியைத் தள்ளும் சூடான வளியைக் குறிப்பதேயன்றி, எரிபொருளைக் குறிப்பதன்று! பெயரைக் கேட்டே 'இது தூயது' என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நிலக்கரியினும் எரிவளி மேலானது என்பதை நாம் மறுக்கவில்லை. அதில் சாம்பல் இல்லை. கந்தகப் புகை மிக மிகக் குறைவு. ஓரலகு மின்னுக்கு நிலக்கரி ஏறத்தாழ 900 கிராமுக்கு மேல் கரியமில வளியை உமிழ, இரட்டைச் சுழற்சி எரிவளி நிலையம் 400 கிராம் அளவே உமிழ்கின்றது. ஆயினும் 'குறைவு' என்பது வேறு. 'இல்லை' என்பது வேறு. எரியறையின் கடு வெப்பத்தில், காற்றிலுள்ள நைட்ரசனே உயிர்வளியோடு கூடி நச்சு வளியாகின்றது. எரிபொருள் எத்துணைத் தூயதாயினும் இது தோன்றியே தீரும். கலவையைச் செப்பஞ்செய்து குறைக்கலாமேயன்றி, முற்றும் ஒழித்தல் இயலாது. கதிரவன் ஒளியில் அது தரைமட்ட ஓசோனாக மாறி நுரையீரலைத் தாக்குகின்றது. இவற்றுள் எதனையும் கரும்புகைபோற் கண்ணாற் காண இயலாது. மேலும், எரியாமற் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில், கரியமில வளியைப்போல் 80 மடங்கு புவியைச் சூடாக்குவது. கிணற்றிலும் குழாயிலும் கசிவதைக் கணக்கிடாமல் தூய்மை பேசுதல் அரைக் கணக்கே.

கண்ணுக்குப் புலனாகாததை எண்ணாற்றான் அறிதல் வேண்டும். அவ்வெண்ணையும் தாய்மொழியாற்றான் அறிதல் இயலும். ஆனால், சுற்றுச்சூழல் தாக்க ஆய்வின் முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்க, அதன் சுருக்கமே தமிழில் வைக்கப்பெறுகின்றது. நடுவணரசு 2020-இல் இத்துறைக்கெனப் புது வரைவு வெளியிட்டபோது, அதனை அரசமைப்புப் பட்டியலின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் ஆணையிட வேண்டியிருந்தது. நடுவணரசோ அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றது! மூச்சிழுப்பவன் தமிழன்; மூச்சிற் கலப்பதைக் கூறும் தாள் மட்டும் அவன் அறியாத மொழியிலோ?

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் டீசற்பொறியின் இடத்தில் எரிவளிப்பொறி வந்து நிற்குமாயின், அதனை வெறுக்கவும் வேண்டா. வாழ்த்தி வணங்கவும் வேண்டா. மூன்று வினாக்களை எழுப்புக: எரிவது எது? கழிவு வெப்பம் பயன்படுகின்றதா? புகைபோக்கியில் அளந்த நச்சுவளி எவ்வளவு? இவற்றின் விடைகளை நிலைய வாயிலிலேயே, நாடோறும், தமிழில் எழுதி வைக்கச் செய்க. விடை கூறத் தயங்குவோர் தூய்மை பேசும் தகுதியுடையவர் அல்லர்.