புற்று மண்ணும் புற்றுநோயும்

சங்கரன்கோவில் என்றால் நாட்டுக்கு நினைவு வருபவை இரண்டு. ஒன்று ஆடித் தபசு, மற்றொன்று தறியோசை. கோயிலுக்கு வருவோர் அங்கே தரும் புற்று மண்ணை நெற்றியிலே இடுகின்றனர். நோய் தீருமென்று உடலிலே பூசுகின்றனர். அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. அதை எள்ளி நகையாட நாம் எழுதவில்லை. ஆனால், வயிற்றிலே புற்றுநோயைச் சுமந்துகொண்டு, புற்று மண்ணை நம்பிக் காத்திருக்கும் தாய்மாரைக் கண்டும் வாளாவிருப்பது, பகுத்தறிவு பேசும் இயக்கத்திற்கு அழகாகுமா?

சினைப்பைப் புற்றுநோயைத்தான் குறிப்பிடுகிறோம். கருப்பையின் இருபுறமும் உள்ள சிறு உறுப்பு சினைப்பை. அங்கே தோன்றும் நோய் கூவிக்கொண்டு வருவதில்லை. வயிறு உப்புகிறது, நாலு வாய் உண்டதும் போதுமென்றாகிறது, அடிவயிறு வலிக்கிறது, சிறுநீர் அடிக்கடி கழிகிறது. "வாயுத் தொல்லை" என்கிறார்கள் வீட்டிலே. ஓமத் தண்ணீரில் மாதங்கள் ஓடுகின்றன. மருத்துவரிடம் போகும்போது நோய் வயிறெங்கும் பரவிவிடுகிறது. பெரும்பாலோருக்கு இந்நோய் இப்படித்தான் தெரிய வருகிறது.

தறியிலே ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தும் தோழரே! உம் துணைவி வாரக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது நிறுத்திக் கேட்டதுண்டா?

புற்றுநோயின் கொடுமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணனை நம்மிடமிருந்து பறித்தது அதுவே. ஆனால், சினைப்பைப் புற்றுக்கு அந்நாளில் இல்லாத மருந்துகள் இன்று உண்டு. பிளாட்டினத்திலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின், அமெரிக்காவில் 1978-இல் ஒப்புதல் பெற்றது. ஒரு மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்சல் 1992-இல் வந்தது. இன்று அறுவை சிகிச்சையோடு, கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக, பொதுவாக ஆறு தவணை ஏற்றுகிறார்கள்.

"கீமோ கொடுத்தால் ஆள் தேறாது" என்பது புரளி. முடி கொட்டும், மீண்டும் முளைக்கும். குமட்டும், அதற்கும் மருந்துண்டு. வெள்ளணு குறையும், ஆகவே காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பொய்யான ஆறுதலும் வேண்டாம். அமெரிக்கக் கணக்குப்படி, சினைப்பையோடு நிற்கும்போதே கண்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள். தொலைவில் பரவிய பின் கண்டாலோ பத்தில் மூன்று பேர்தான். இரண்டு இலட்சம் பெண்களுக்கு மேல் ஆராய்ந்து 2021-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நலமாயிருப்போர் அனைவரையும் இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் சலித்துப் பார்த்தும் சாவு குறையவில்லை. ஆகவே முகாம் ஒன்று நடத்திக் கை கழுவ முடியாது. அறிகுறி கண்டவரை உடனே அனுப்புவதும், தவணை தவறாமல் காப்பதுமே வழி.

தவணை ஏன் தவறுகிறது? மருந்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் பேருந்துக் கட்டணம்? சோறு? தறி ஓடினால்தானே கூலி! நெல்லைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அவளோடு துணைக்குப் போகும் கணவனுக்கும் அன்று கூலியில்லை. இரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு நாள். மூன்றாம் தவணையோடு, "இப்போது தேவலை" என்று நின்றுவிட்டால், பாதியில் அறுத்த பாவு போலாகிவிடாதா சிகிச்சை?

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுக்குள் பகல்நேரப் புற்றுநோய் மையம் அமைப்போம் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றிய அரசு அறிவித்தது. அறிவிப்பு ஏட்டுச் சுரைக்காயாக இருந்துவிடக் கூடாது. பெரிய மருத்துவமனை வகுத்துத் தரும் மருந்தை, நோயாளியின் ஊருக்கு அருகிலேயே ஏற்றும் ஏற்பாடு வட்டத் தலைநகர் வரை வரவேண்டும். சிகிச்சை நாளில் வராதவரின் தறியை வேறொருவருக்குத் தருவதில்லை என்று உரிமையாளர்கள் ஒப்ப வேண்டும். சங்கங்கள் அதைப் பேசி முடிக்க வேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களே! வாக்காளர் பட்டியலில் எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று நமக்குத் தெரியும். எந்த வீட்டில் எந்தத் தாய்க்கு அடுத்த தவணை எந்நாள் என்பதும் தெரியட்டும். கொடி ஏற்றிய கை, அவளைப் பேருந்தில் ஏற்றிவிடட்டும். ஆறாவது தவணை முடித்து வீடு திரும்பும் வரை!