முதலில் கேட்போம், பிறகு செய்வோம்!



எங்க அப்பா ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுகிறார். வேலை முடிந்து வந்து முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாக ஓடும். மூக்கைச் சிந்தினாலும் கறுப்புதான். "ஏனுங்ப்பா, மூஞ்சிக்குத் துணி கட்டிக்கலாமில்ல?"ன்னு கேட்டேன். "அட போ சாமி, அந்த வேக்காட்டுல துணி கட்டுனா மூச்சு முட்டும். கரிதானே, கழுவுனாப் போயிரும்"னு சொல்லிட்டார்.

வெளியே ஒட்டின கரி கழுவினால் போகும். உள்ளே போன கரி? இதை அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்னதையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

புகைக்கரியில் நிறைய இருப்பது கார்பன். அதில் உள்ள மிகச் சின்னத் துகள்களை நானோ மீட்டரில்தான் அளக்க முடியும். ஒரு மீட்டரை 100 கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர். நம்ம தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோ மீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

புகையில் மட்டும் இல்லை, மனிதர்கள் வேண்டுமென்றே செய்கிற நானோ கார்பனும் உண்டு. 1985-ல் 60 கார்பன் அணுக்கள் கால்பந்து மாதிரி சேர்ந்த ஃபுல்லரினைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம்ம கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில்கூட கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை 2020-ல் வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் நானோ கார்பன் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது அதைத் துணியிலும் மருந்திலும் சேர்க்க ஆராய்ச்சி நடக்கிறது. உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று முதலில் தெரிய வேண்டாமா?

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கும் வேலி அது. தடிமன் சுமார் 5 நானோ மீட்டர்தான். ஃபுல்லரின் பந்து சுமார் 1 நானோ மீட்டர். அது வேலிக்குள் நுழைவதை நேரில் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். அங்கேதான் கம்ப்யூட்டர் உதவுகிறது.

எங்க மாமா பனியன் கம்பெனியில் கேட் வேலை பார்க்கிறார். துணியை வெட்டும் முன்னாடி கம்ப்யூட்டரில் பாகங்களை அடுக்கிப் பார்ப்பார். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், துணி வீணாகாது. இதுவும் அப்படித்தான். எந்த மூலக்கூறு எதை இழுக்கும், எதைத் தள்ளும் என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துளி நகர்த்தும். மறுபடி கணக்கு, மறுபடி நகர்வு. இப்படியே லட்சக்கணக்கான தடவை!

2008-ல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்து பார்த்தார்கள். ஃபுல்லரின் கட்டிகள் சவ்வுக்குள் நுழைந்து, உள்ளே தனித்தனியாகப் பிரிந்தன. நிறைய சேர்ந்தபோது சவ்வின் தன்மை மாறியது, ஆனால் கிழியவில்லை.

கிழியவில்லை என்றால் கெடுதலே இல்லை என்று அர்த்தமா? இல்லை. கம்ப்யூட்டரில் இருந்தது வெறும் கொழுப்புச் சவ்வு. நிஜ செல்லில் புரதம், இன்னும் என்னென்னவோ இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர் சொன்னதை ஆய்வகத்தில் நிஜ செல்லிலும் சோதிக்கணும். ஆனால் எதைச் சோதிக்கணும் என்று கம்ப்யூட்டர் முன்னாடியே காட்டிவிடும். மனுசங்க உடம்பிலே பட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நம்ம நொய்யலுக்கு யாரும் முன்னாடி கேட்கவில்லை. சாயத்தண்ணி ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயம் கெட்ட பிறகுதான் கேட்டோம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆறும் போச்சு, பல பேருக்கு வேலையும் போச்சு. அதேபோல இன்னொரு தடவை நடக்கணுமா? நாளைக்கு நம்ம பனியனில் நானோ ஏதாவது சேர்ப்பதாக இருந்தால், அதைத் தொட்டு வேலை செய்யப்போகிற நம்ம அம்மா, அக்காக்களுக்கு என்ன ஆகும் என்று முதலில் கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும். இதுதான் என் கருத்து.

கடைசியாக ஒன்று. விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்று ஏற்கனவே தெரியும். அதற்குப் புதுசாகக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. பனியன் துணியைக் கட்டினால் அதன் ஓட்டை வழியாகச் சின்னத் துகள்கள் நுழைந்துவிடும். கொரோனா சமயத்தில் பார்த்தோமே, அந்த என்95 முகக்கவசத்தைப் பாய்லரில் நிற்பவர்களுக்குக் கம்பெனியே தரணும். வேக்காட்டில் அதைப் போட்டுக்கொண்டே நிற்க முடியாது, நடுவில் காற்றாட நிற்கவும் நேரம் தரணும்.

தெரியாததைக் கேட்போம். தெரிந்ததைச் செய்வோம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி