ரோட்டோரப் பூவை யார் வாங்குவார்கள்?



போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஆவாரம்பூ காயவைத்த படம் போட்டேன். அக்கா மகன் உடனே எழுதினான்: "மாமா, ரோட்டோரம் சும்மா பூக்கிறதை யார் காசு கொடுத்து வாங்குவாங்க? அந்த அம்பது சென்ட்டை வித்துடுங்க. சிப்காட் பக்கம், நல்ல விலை போகும்." பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினீர்கள். பதிலை எல்லோருக்குமாக இங்கேயே சொல்கிறேன்.

தம்பி, உன் வீட்டு அலமாரியில் இருக்கிற ஆவாரம்பூ டீ பாக்கெட்டின் விலையைப் பார். அதுவும் இந்த ரோட்டோரப் பூதான்.

காய்ந்த பூ ஒரு தொழிலா என்பவர்கள் தூத்துக்குடியைக் கேளுங்கள். உலர்ந்த பூவையும் காயையும் அலங்காரப் பொருளாக்கி, பல ஆண்டுகளாக வெளிநாட்டுக்குக் கப்பலேற்றுகிறார்கள். பிள்ளைப்பாக்கத்தில் மட்டும் வெயிலுக்குப் பஞ்சமா?

பொய் சொல்ல மாட்டேன். முதல் வருஷம் ஐப்பசி மழையில் பூசணம் பிடித்து அத்தனையும் குப்பைக்குப் போனது. அடுத்த வருஷம் நேர் வெயிலில் போட்டேன். நிறம் வெளுத்து, நாட்டு மருந்துக் கடைக்காரர் திருப்பிவிட்டார். பிறகுதான் புத்தி வந்தது. பனி உலர்ந்ததும் பறிக்க வேண்டும். நிழலில், பழைய வேட்டியில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்ப வேண்டும். விரலில் நொறுங்கும்வரை காய்ந்தபின் காற்றுப் புகாத டின்னில் அடைக்க வேண்டும். ஐந்து கிலோ பூவுக்கு ஒரு கிலோ தேறினால் அதிகம். இந்தக் கணக்கை மறைத்து, லட்சம் லட்சமாய் வரும் என்று யூடியூபில் அளப்பவர்களையும் நம்பாதீர்கள்.

ஆனால் செலவுப் பக்கத்தையும் பாருங்கள். ஆவாரை வேர் பிடித்துவிட்டால் மோட்டார் ஓட வேண்டாம். உரம், பூச்சிமருந்து நான் வாங்கியதில்லை. ஆடு மாடும் வாய் வைக்காது. புறம்போக்கில் கிடைப்பதை மொட்டையடிப்பதற்கு நான் எதிரி. நட்டு வளர்த்துப் பறிப்பதுதான் விவசாயம்.

ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாணவர்களில் பாதிப்பேர் ஒரகடம் ஷிப்ட்டில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. எட்டே வருஷம். அப்படி ஒரு நாள் வந்தால், கையில் நிலம் இருப்பவனுக்கும் விற்றுத் தின்றவனுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று நான் பாடம் எடுக்க வேண்டுமா?

விதை வேண்டுமா, வீட்டுக்கு வாருங்கள், சும்மா தருகிறேன். நிலத்துக்கு விலை பேச மட்டும் வராதீர்கள்.

உங்கள் பழைய வாத்தியார்.