கடனும் கப்பலும்

கப்பலைச் செலுத்துவது காற்று மட்டுமன்று; கடனும்தான்! தொடக்ககால அமெரிக்க வணிகர் வரலாறு காட்டும் உண்மை இது.

1784 பிப்ரவரியில் ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ என்ற கப்பல் ஜின்செங் வேர்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சீனத்தின் காண்டன் துறைமுகத்திற்குப் புறப்பட்டது. 1785 மே மாதம் தேயிலையுடன் திரும்பியது. கப்பல் கரை சேர்ந்தது. கூட்டாளிகளின் கணக்கோ கரை சேரவில்லை! பங்காளி டேனியல் பார்க்கர், கடன் கொடுத்தோரைத் தவிக்கவிட்டு ஐரோப்பா சென்றுவிட்டார். மற்றொரு பங்காளி ஹோல்கருக்கும் அவருக்கும் இருந்த பழைய கூட்டுக் கணக்கு வழக்கு, 1813இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

இதே பயணத்தில் பணம் போட்ட ராபர்ட் மாரிஸ், விடுதலைப் போருக்கு நிதி திரட்டித் தந்தவர். பின்னாளில் அளவுக்கு மீறி நிலம் வாங்கி நொடித்தார். 1798இல் பிலடெல்பியாவின் கடனாளிச் சிறையில் அடைக்கப்பட்டார். வாஷிங்டனே சிறைக்கு வந்து அவருடன் உணவருந்தினார். 1800ஆம் ஆண்டின் திவால் சட்டம் வந்த பிறகே, 1801இல் விடுதலை பெற்றார்.

ஓடியவர் தப்பினார், ஊரில் நின்றவர் சிறைப்பட்டார். இது நீதியா? மூன்றாண்டுச் சிறையால் கடன் கொடுத்தவர் கண்ட பயன்தான் என்ன? உழைத்துத் தீர்க்க வேண்டிய கைகளைப் பூட்டிவிட்டு, பணம் எங்கே என்று கேட்பது பேதைமையன்றோ!

ஏமாற்றியவன் வேறு; இழந்தவன் வேறு. இவ்விருவரையும் பிரித்தறியாத சட்டம் வணிகத்தையும் காக்காது, மனிதனையும் காக்காது. சிந்திப்போமாக!