வரலாறு படிக்க வெளிநாடு: அடைபட்ட கதவுகளும் திறந்திருப்பவையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் ஊருக்கு ஊர் ஜமாஅத்துகள் கல்வி வழிகாட்டி முகாம் நடத்துகின்றன. அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம். அங்கே பேசப் போகும்போதெல்லாம் நாம் கவனிக்கும் ஒன்று உண்டு. நீட் தேர்வுக்கு ஒரு மேசை இருக்கும். பொறியியல் கலந்தாய்வுக்கு ஒன்று, சி.ஏ.வுக்கு ஒன்று. வரலாறோ மொழியியலோ தொல்லியலோ ஓவியமோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு எந்த மேசையும் இருக்காது. அதை வெளிநாட்டில் போய்ப் படிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை வாய்திறந்து சொல்லிவிட்டால், பக்கத்தில் நிற்கும் பெரியவர் சிரித்துவிடுவார். "ஹிஸ்டரி படிக்க லண்டனா தம்பி?"

அந்தப் பெரியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இதே கேள்வியை மத்திய அரசு 2022-ல் விதியாகவே எழுதிவைத்துவிட்டது. சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 125 பேருக்கானது. பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு. மீதிச் சில இடங்கள் சீர்மரபினர், நாடோடி இனத்தார், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. அந்த ஆண்டு வந்த புதிய வழிகாட்டு நெறிகளில் ஒரு வரி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இனி இந்தத் தொகை கிடையாது. இவற்றுக்கான வளம் நம் நாட்டிலேயே ஏராளமாக இருக்க, வெளிநாடு எதற்கு என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம்.

1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போன அம்பேத்கர், 1916 மே மாதம் அங்கே வாசித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது. இன்றைய விதியின்படி அந்தத் தலைப்போடு அவர் விண்ணப்பித்திருந்தால் முதல் சுற்றிலேயே கழித்துக்கட்டியிருப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளைகளுக்காக அந்தத் திட்டம் இருக்கிறதோ, அவர்களுடைய வரலாற்றைத் தொடக்கூடாது என்று அதே திட்டம் சொல்வதை என்னவென்பது?

வளம் இங்கேயே இருக்கிறதே என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒரு மாதத் தொலைவு பயணம் செய்து அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் போனதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். மதீனாவில் ஹதீஸுக்கா பஞ்சம்? தேடுகிற ஒன்று யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

நமது சமுதாயத்துக்கு நேரடியாக அடைபட்ட கதவு வேறு. சிறுபான்மை மாணவர்களுக்காக 'படோ பர்தேஸ்' என்ற திட்டம் 2013-14 முதல் நடந்தது. வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க வங்கிக் கடன் வாங்கினால், படிக்கும் காலத்து வட்டியை அரசு கட்டும். 2022-23 முதல் அது நிறுத்தப்பட்டது. உள்நாட்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் அதே ஆண்டோடு புதியவர்களுக்கு இல்லை என்றாயிற்று. வேறு திட்டங்களோடு இது ஒத்துப்போகிறது, எனவே தேவையில்லை என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார்கள். முஸ்லிம் மாணவருக்கு அந்த வேறு திட்டங்களில் எத்தனை இடம் கிடைக்கும் என்பதற்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை.

படோ பர்தேஸ் போனதில் நமக்கு இழப்பு இல்லை, அது வட்டி சம்பந்தப்பட்டதுதானே என்று சில சகோதரர்கள் சொல்லக் கேட்டோம். பேணுதலான குடும்பங்கள் அதைத் தொடாமலேதான் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே பேணுதல்தான் இந்த விஷயத்தை நமக்கு இன்னும் அவசரமாக்குகிறது. மற்ற வீடுகளில் உதவித்தொகை கிடைக்காவிட்டால் கல்விக் கடன் என்ற இரண்டாவது வழி உண்டு. வட்டியைத் தவிர்க்கும் வீட்டில் இரண்டாவது வழி கிடையாது. நிலத்தை விற்பது, உம்மாவின் நகை, சவூதியில் இருக்கும் மாமாவிடம் கைமாற்று, அவ்வளவுதான். கணினி படிக்கப் போகும் மகனுக்காக நிலத்தை விற்கும் வாப்பா, வரலாறு படிக்கப் போகும் மகளுக்காக விற்கமாட்டார். ஆகவே கலைப் படிப்புக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைக்கு, திருப்பிக் கொடுக்க வேண்டாத மானியம் ஒன்றுதான் வாசல்.

அப்படிப் போய் என்ன ஆகப்போகிறது? 2025-ல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தபோது எல்லா ஊர்களிலும் ஒரே பதற்றம். நீண்டகாலப் பயன்பாட்டாலேயே ஒரு சொத்து வக்ஃபாகும் என்ற பழைய ஏற்பாட்டை அந்தச் சட்டம் இனி வருபவற்றுக்கு நீக்கிவிட்டது. பள்ளிவாசலுக்கும் கப்ருஸ்தானுக்கும் பழைய பத்திரம் எங்கே என்று முத்தவல்லிகள் பீரோவைக் கிளறினார்கள். ஆற்காடு நவாப் காலத்து சனதுகள் பாரசீகத்தில் இருக்கும். கம்பெனி காலத்துப் பதிவுகளில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். இன்னொரு பகுதி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில். வழக்கறிஞர் நம்மிடம் இருக்கிறார். அந்தப் பாரசீகத்தைப் படித்து, பழைய இனாம் பதிவோடு பொருத்தி, இதுதான் இந்தப் பள்ளியின் நிலம் என்று எழுதித் தரும் வரலாற்றாசிரியர் நம் மாவட்டங்களில் எத்தனை பேர்? விரல் விடும் வேலைகூட இல்லை.

இன்னொன்று. தமிழ் முஸ்லிம்களின் முழுமையாகக் கிடைக்கும் ஆகப் பழைய இலக்கியம் ஆயிர மசலா. 1572-ல் மதுரையில் அரங்கேறியதாக அறியப்படுவது. அதே மசலா நூல் ஜாவாவிலும் மலாயிலும் எப்படி வழங்கியது, தமிழில் எப்படி மாறியது என்று மூன்று மொழிகளையும் வைத்து ஒப்பிட்டு எழுதியவர் ரோனித் ரிச்சி. இஸ்ரேலிய அறிஞர். நூல் 2011-ல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தில் வந்தது. நல்ல உழைப்பு, மறுக்கவில்லை; கீழக்கரை, காயல்பட்டினக் குடும்பங்களின் கடல்வழிக் கதையை உலகம் அந்த நூலின் வழியே படிக்கிறது. கீழக்கரையிலோ காயலிலோ பிறந்து, அரபுத்தமிழ் கிதாபுகளைப் பாட்டியின் மடியில் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை எழுதியிருந்தால் வேறு சில செய்திகளும் சேர்ந்திருக்கும். அந்தப் பிள்ளை இப்போது துபாயில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. ஹலாலான சம்பாத்தியம்தான், குறை சொல்லவில்லை.

இனி, திறந்திருக்கும் வாசல்களைப் பார்ப்போம்.

கலை, மானுடவியல் துறைகளுக்கென்றே இருப்பது சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை. இதன் கதையே சுவையானது. வாலஸ் கல்கத்தாவில் ஷா வாலஸ் கம்பெனியைத் தொடங்கிப் பெரும் பொருள் ஈட்டிய ஆங்கில வியாபாரி. 1916-ல் இறந்தபோது சொத்தில் ஒரு பங்கு அன்றைய இந்திய அரசின் கருவூலத்துக்குப் போகும்படி எழுதிவைத்தார். நாடு பிரிந்தபின் அந்தப் பணம் யாருக்கு என்ற கேள்வி வந்து, கடைசியில் 1981-ல் அதிலிருந்து அறக்கட்டளைகள் உருவாயின. இந்தியாவுக்கு ஒன்று, பாகிஸ்தான், வங்கதேசம், பர்மாவுக்குத் தனித்தனியாக. இந்த மண்ணில் ஈட்டிய பணம் நூறாண்டு கழித்து இந்த மண்ணின் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பி வருகிறது. வக்ஃப் என்ற ஏற்பாட்டைக் கொண்ட சமுதாயமான நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. ஷா வாலஸின் நூறாண்டைத் தாண்டிய வக்ஃபுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அவற்றில் எத்தனை ஒரு மாணவரையாவது அனுப்பியிருக்கின்றன என்று கேட்டால் பல முத்தவல்லிகளுக்குக் கோபம் வரும்.

இந்த அறக்கட்டளை இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு, தொழிலில் தொடக்க நிலையிலோ நடு நிலையிலோ இருப்பவர்களுக்கு, பிரிட்டனில் படிக்கவும் ஆய்வு செய்யவும் உதவுகிறது. எழுத்தாளர், ஓவியர், நாடகக்காரர், வரலாற்று ஆய்வாளர், பழம்பொருள் பாதுகாப்பாளர் எல்லாரும் இதில் வருவார்கள். பத்தமடையில் பாய் நெய்யும் நம் லெப்பைக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நெசவுப் பொருட்களைப் பாதுகாக்கும் கலையை முறையாகக் கற்ற ஒரு பிள்ளை அந்த வீடுகளிலிருந்தே வந்தால், நெய்தவரின் கண்ணோடு அருங்காட்சியகத்தில் ஒருவர் இருப்பார். பழைய கையெழுத்துக் கிதாபுகள் கரையான் தின்னக் கிடக்கும் மதரஸாக்களுக்கும் இதே கலைதான் வேண்டும்.

ஃபெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டனின் சோவாஸ் ஆகிய மூன்று இடங்களுக்கு. முதல் வகுப்பில் தேறிய, வசதியில்லாத இந்திய மாணவருக்கே தருகிறார்கள். ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளுக்கும் இஸ்லாமியச் சட்டத்துக்கும் பேர்பெற்ற சோவாஸ் இந்தப் பட்டியலில் இருப்பதை ஆலிம் படிப்பு முடித்தவர்கள் குறித்துக்கொள்ளவும். 1976 முதல் இயங்கும் இன்லாக்ஸ் அறக்கட்டளை பொறியியல், கணினி, மேலாண்மை, மருத்துவம் படிப்பவர்களை ஏற்பதில்லை. பொறியாளருக்கு இடமில்லை என்று சொல்லும் வாசலும் உலகில் உண்டு! வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் எல்லாத் துறைக்கும் ஓராண்டு முதுகலைக்கு முழுச்செலவும் தருகிறது. இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸில் மானுடவியல் படிப்புகளும் உண்டு, மாதம் 1,400 யூரோ. தமிழ்நாடு அரசு 2025-ல் முஸ்லிம் மாணவர் 10 பேருக்குத் தலா 36 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டு முதுகலைக்கு அறிவித்தது. பத்து இடம் குறைவுதான். அந்தப் பத்துக்கும் விண்ணப்பம் நிறையாமல் போனால் அடுத்த ஆண்டு அதையும் கேட்க நமக்கு வாய் இருக்காது.

எந்த உதவித்தொகையானாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் உதவித்தொகை என்றிருந்தும் உள்ளே கடனாக இருப்பவை உண்டு. 1892-ல் தொடங்கிய ஜே.என். டாட்டா நிதி மதிப்புக்குரியது, பல பெரியவர்களை உருவாக்கியது, ஆனால் அது கடன் உதவித்தொகை. விதிமுறையை முழுதும் படித்து, சந்தேகமிருந்தால் ஊர் ஆலிமிடம் காட்டிவிட்டு விண்ணப்பிக்கவும். அரசுத் திட்டத்தில் தேர்வானாலும் பணம் கைக்கு வரும்வரை மற்ற வாசலையும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே சொன்ன தேசியத் திட்டத்தில் 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்வு செய்துவிட்டு, நிதி ஒதுக்கீட்டைக் காரணம் காட்டி முதலில் 40 பேருக்குத்தான் ஆணை கொடுத்தார்கள்.

மதரஸா மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓதி முடித்தபின் கலைப் பட்டமும் படித்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். ஆலிம் ஸனது மட்டும் கையில் இருந்தால் இந்த விண்ணப்பங்களில் எழுத இடமிருக்காது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று வேண்டும், தொலைநிலைக் கல்வியிலாவது. அந்தப் பட்டத்தோடு அரபியும் பாரசீகமும் உருதுவும் சேரும்போது, அந்த மேசையில் உங்களுக்குச் சமமாக உட்கார்பவர் மிகக் குறைவு. மற்றவர்கள் முதலாண்டு முழுதும் எழுத்துக்கூட்டிக் கற்கும் மொழி உங்களுக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது.

மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடம் அதிகம் வருகிறார்கள். கலைக் கல்லூரிகளில் நன்றாகப் படிப்பது நம் பெண் பிள்ளைகள்தான், எனவே இந்தத் தயக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. தனிப் பயணம் பற்றிய மார்க்கக் கேள்வி உண்மையானது. அதை நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். ஆனால் அதற்கு முன் அந்த ஊரில் விடுதி எப்படி, பெண்களுக்குத் தனித் தங்குமிடம் உண்டா, உறவினர் யாரேனும் இருக்கிறார்களா, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று விசாரிக்காமலே முடிவு சொல்லும் வீடுகள்தான் அதிகம். மாப்பிள்ளை வீடு பார்க்க எவ்வளவு விசாரிக்கிறோம்?

கடைசியாகப் பண விஷயம். உதவித்தொகை கைக்கு வரும் முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. கடவுச்சீட்டு, சான்றிதழ் நகல்கள், பதினைந்தாயிரத்துக்கு மேல் போகும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு, விண்ணப்பக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் இரண்டு மாதச் சம்பளம். பல பிள்ளைகள் லண்டன் செலவைப் பார்த்து நிற்பதில்லை, இந்த முப்பதாயிரத்தைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். மஹல்லா பைத்துல்மாலில் இதற்கென ஒரு தலைப்பு ஒதுக்கினால் போதும். மாணவர் ஏழையாக இருந்தால் ஸகாத்திலிருந்தே கொடுக்கலாம். வசதி நடுத்தரமானால் ஸதகாவிலிருந்து. செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். ஐ.இ.எல்.டி.எஸ். படிப்புக்கு மூன்று மாதமாவது வேண்டும். ரமலான் கணக்கை முடித்து மிச்சத்தை எழுதும் கூட்டத்திலேயே நிர்வாகிகள் இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.