சும்மா இருப்பவன் கையில் ஸ்டியரிங்

'சும்மாதானே இருக்கீங்க' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அந்தப் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கார் சாவியில்தான் வந்து நிற்கும். மச்சினியை மீனம்பாக்கத்தில் இறக்கிவிட வேண்டும். எதிர்வீட்டு மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன், விடிகாலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டும். யாரோ ஒருவர் வீட்டுச் சீர்வரிசைக் குத்துவிளக்கு ஆட்டோவில் போனால் அடிபட்டுவிடுமாம்.

2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் பி.எஸ்.என்.எல்.லில் இருந்து 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோம். ஐம்பது வயது நிரம்பியவர்கள் கேட்கலாம் என்றார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று. கணக்கு எளிது: சர்வீஸ் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 35 நாள் சம்பளம், அறுபது வயது வரை மீதமிருக்கிற ஒவ்வொரு வருடத்துக்கும் 25 நாள் சம்பளம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் யோசித்தது இரண்டாவது வரியைப் பற்றித்தான். இன்னும் வாழாத என் வருடம் ஒன்றுக்கு 25 நாள் சம்பளம் விலை வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை, அதுவும் ஒரு விலை. வீட்டில் அதே வருடங்களுக்கு ஒரு காலணாகூடக் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. காரை எடுக்க வழியில்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று வாசலில் நின்ற வண்டியை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு அணைத்துவிட்டு வருவேன். இப்போது நினைத்தால், ஓய்வுபெற்ற பிறகு நான் அந்தக் காரை எனக்காக உபயோகித்த காலம் அது ஒன்றுதான்.

வேலையில் இருந்தபோது ஆபீஸ் ஜீப்புக்கு டிரைவர் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் கேபிளில் தண்ணீர் இறங்கி ஏரியா முழுக்க டெலிபோன் செத்துவிடும். பில்லர் பில்லராகத் திறந்து பார்த்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அலைவோம். எவ்வளவு அலைந்தாலும் டிரைவரிடம் ஒரு லாக் புக் இருக்கும். எத்தனை மணிக்கு எடுத்தார், எங்கே போனார், மீட்டர் எவ்வளவு, எல்லாம் எழுதி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். நேரம் தாண்டினால் ஓ.டி., வெளியூரில் தங்கினால் பேட்டா. சாப்பாட்டு நேரத்தில் அவரை எழுப்பிவிட்டால் முறைப்பார். அந்த முறைப்புக்குப் பின்னால் ஒரு யூனியனே நின்றது. எனக்கு லாக் புக் இல்லை, பேட்டா இல்லை. முறைத்தால் 'ரிட்டயர் ஆனதிலிருந்து இவருக்குக் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு' என்று பேர் வேறு.

லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு ஐந்தைந்து வருடமாகத்தான் தருவார்கள். 1ஏ படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும், பார்வை சரி, காது சரி, கைகால் சரி என்று. வீட்டில் எல்லோரும் என் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்து நான் பார்த்ததே இல்லை. 'டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரா?' என்று கல்பாக்கத்திலிருந்து தங்கை போன் செய்தாள். அவளுக்கு அடுத்த மாதம் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பத்திரிகை வைத்த படலத்தைச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு மாம்பலத்தில் ஒரு தெரு. இரண்டு பக்கமும் பைக், நடுவில் ஒரு மாடு, அதற்குப் பின்னால் தண்ணீர் லாரி. தங்கையும் மாப்பிள்ளையும் தட்டில் பழம், வெற்றிலை, பத்திரிகை எல்லாம் அடுக்கிக்கொண்டு இறங்கினார்கள். 'பார்க்கிங் இல்லண்ணா, நீ வண்டியிலேயே இரு, அஞ்சே நிமிஷம்.' சம்பந்தி வகையில் ஏதோ ஒரு பெரியப்பா வீடு. மூன்றாவது மாடியில் அவர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் லாரிக்காகப் பின்னால் எடுத்தேன், பள்ளிக்கூட வேனுக்காக முன்னால் எடுத்தேன், இஸ்திரி வண்டிக்காரரிடம் திட்டு வாங்கினேன். திரும்பி வந்தவர்களிடமிருந்து ஃபில்டர் காபி வாசனை அடித்தது. 'ரொம்ப உபசாரம் பண்ணினாங்கண்ணா, கேசரிகூடப் போட்டாங்க' என்றாள் தங்கை. தாய்மாமன் கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அங்கே யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் ஒரு டம்ளர் கீழே இறங்கியிருக்காதா?

சரி, நமக்கென்று ஒரு நாள் ஓட்டுவோம் என்று ஒரு மார்கழி விடிகாலையில் கிளம்பினேன். யாரையும் எழுப்பவில்லை. வேடந்தாங்கலில் அப்போது பறவைகள் நிறைந்திருக்கும். போய்க் கொஞ்ச நேரம் கரையில் நின்றுவிட்டு, வருகிற வழியில் மதுராந்தகம் ஏரியையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசனை. ஜி.எஸ்.டி. ரோடு காலியாக இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டுகூடப் போடாமல் ஓட்டினேன். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டினேன். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேகைக் கட்டாயமாக்கியபோது அதை வாங்கி ஒட்டியது என் பையன், பதிவு செய்த நம்பரும் அவனுடையது. கேட் திறந்த மாத்திரத்தில் அவனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. அவன் அம்மாவை எழுப்பியிருக்கிறான். படாளம் கூட்டுரோட்டில் திரும்பப் போகும்போது போன்.

"என்னங்க, பரனூர்ல என்ன வேலை உங்களுக்கு?"

சும்மா வந்தேன் என்றேன்.

"சும்மாவா? அப்போ திரும்பி வர்றப்போ செங்கல்பட்டுல அத்தையை ஏத்திக்கிட்டு வந்துடுங்க. ரொம்ப நாளா இங்க வரணும்னு சொல்லிட்டிருக்காங்க."

அத்தை ஏழு மணிக்கே பையோடு வாசலில் நிற்கிற ரகம். வேடந்தாங்கல் பறவைகளுக்கு என்னைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

எங்கள் அப்பாவும் கார் ஓட்டியவர்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினி. கடைசி வரைக்கும் அவர் அதை ஃபியட் என்றுதான் சொன்னார். கியர் ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும் என்பதால் முன் சீட் நெடுக பெஞ்சு மாதிரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் உட்காருவேன். கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போவது என்றால் தேதியை அவர்தான் சொல்வார். நேரத்தையும் அவர்தான். அவர் கிளம்பலாம் என்று சொல்கிறவரை வீட்டில் யாரும் செருப்பு மாட்ட மாட்டார்கள். ஓட்டுகிறவருக்கு அன்று இருந்த மரியாதை அது. விக்கிரவாண்டியில் பிரிந்து, பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி, அணைக்கரை என்று போகும் வழி. எங்கே நிறுத்துவது என்பது அவர் இஷ்டம், அல்லது ஃபியட்டின் இஷ்டம்.

வெயில் ஏறினால் வண்டி திணறும். பண்ருட்டிக்கு முன்னால் ஒருமுறை திக்கித் திக்கி நின்றேவிட்டது. 'ஏர்லாக்' என்றார் அப்பா, ஏதோ சொந்தக்காரர் வந்துவிட்ட மாதிரி நிதானமாக. பெட்ரோல் பம்ப் சூடேறி, குழாயில் வருகிற பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இன்ஜினுக்கு எதுவும் போய்ச் சேராது. பானெட்டைத் தூக்கினார். டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீரும் கிழிந்த வேட்டித் துண்டும் இருக்கும். துண்டை நனைத்துப் பிழிந்து, ஏ.சி. பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்கிற அந்த உருண்டைச் சாமானின் மேல் சுற்றினார். நெற்றிக்குப் பத்துப் போடுகிற பக்குவம். துணியிலிருந்து ஆவி கிளம்பும், சீக்கிரமே காய்ந்துவிடும், மறுபடி நனைக்க வேண்டும். நனைக்கும் வேலை எனக்கு. அதற்குள் அம்மா புளியமரத்து நிழலில் பாயை விரித்து, ரோட்டோரத்தில் விற்ற பலாச்சுளையை வாங்கி, தங்கை கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். யாருக்கும் அவசரம் இல்லை. வடலூரில் இறங்கி, வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிவதைக் காட்டாமல் அப்பா ஒரு தடவையும் போனதில்லை. அணைக்கரையில் பாலம் குறுகல். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து தீருகிறவரை இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். காட்டன் துரை 1836-ல் கட்டியது என்று அந்த நேரத்தில்தான் பாடம் நடக்கும். கொள்ளிடத்தில் மதகு வழியாகத் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பாதி காதில் விழாது.

இன்று அதே கும்பகோணத்துக்கு நான் ஓட்டுகிறேன். என் பக்கத்தில் பையன், இரண்டு காதிலும் வெள்ளையாக எதையோ செருகிக்கொண்டு. பின்னால் மனைவி, மருமகள், அம்மா. வழி சொல்வது போனுக்குள் இருக்கும் ஒரு பெண். அந்தப் பெண் என் பேச்சைக் கேட்பதே இல்லை. திண்டிவனம் தாண்டுவதற்குள் வண்டியில் முழித்திருப்பவன் நான் ஒருவன்தான். டீ குடிக்கலாமா என்றால் ஃபிளாஸ்க்கில் இருக்கிறது என்பார்கள். பண்ருட்டியில் பலா வாங்கலாமா என்றால் ஏ.சி.யில் நாற்றம் தங்கிவிடுமாம். வடலூர் என்று வாயெடுத்தால், 'முகூர்த்தத்துக்கு லேட் ஆயிடும்பா' என்று கண்ணைத் திறக்காமலே பதில் வருகிறது. அகலப்படுத்திய ரோட்டில் அந்தப் புளியமரங்களும் இல்லை, நிறுத்தினாலும் மொட்டை வெயில்தான். போய் இறங்கியதும் மண்டபத்து வாசலில் 'என்னப்பா, எவ்வளவு நேரத்துல வந்தே?' என்றுதான் கேட்கிறார்கள். எந்த வழியாக வந்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்க நாதியில்லை. கேட்டாலும் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது, முன்னால் போன லாரியின் பின்பக்கத்தைத் தவிர?

எண்பத்து நாலு வயது அம்மா மட்டும் இடையில் விழித்து, "எங்கடா வந்திருக்கோம்?" என்பாள். சேத்தியாத்தோப்பு என்றால், "அப்ப வடலூர் போயிடுச்சா? சொல்லவே இல்லையே" என்று என்னைத்தான் கோபித்துக்கொள்வாள். பழி விழுவதும் ஓட்டுகிறவன் தலையில்.

கும்பகோணத்தில் சீக்கிரமே இன்னொரு கல்யாணம் வருகிறது. இந்தத் தடவை தேதியும் நேரமும் நான்தான் சொல்வேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். விடிகாலையில் கிளம்புகிறோம், மதுராந்தகத்தில் நிற்கிறோம், பண்ருட்டியில் நிற்கிறோம், வடலூரில் இறங்கி அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் மேலே. பலாப்பழம் வண்டியில் ஏறும், நாற்றமும் ஏறும். அதற்கு முகூர்த்தம் காத்திருக்காது என்கிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி ஏறினால் விடிவதற்குள் கும்பகோணம். இப்போதே டிக்கெட் போட்டுக்கொள்ளட்டும், ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போகட்டும்.