கல்வெட்டுக்கு மாலை, கணக்குக்குப் பூட்டு!

உத்திரமேரூர் கல்வெட்டைப் புகழாத பெரிய மனிதர் இன்று யாருமில்லை. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். நல்லது. அந்தக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது; அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது! முதலாம் பராந்தக சோழன் காலத்து விதி இது. (நிலமும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது, ஏரிக்கரையில் மண் சுமந்த கூலிக்காரன் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. புகழ்பவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.)

நிலவுடைமைக்காரர் சபைக்கே அவ்வளவு கண்டிப்பு இருந்ததென்றால், இன்றைய சர்க்காருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? செல்போன் கம்பெனிகளுக்கும் சில்லுக் கம்பெனிகளுக்கும் கொட்டிக் கொடுக்கும் கோடிகளுக்குக் கணக்கு எங்கே?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மறந்துவிட்டோமா? 2005 இல் தமிழ்நாடு சர்க்கார் ஒப்பந்தம் போட்டது. 200 ஏக்கருக்கு மேல் நிலம், மலிவு விலையில். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரில் வரி விலக்கு. உள்நாட்டில் விற்ற போனுக்குக் கட்டிய விற்பனை வரியைக்கூடச் சர்க்கார் கஜானாவிலிருந்து திருப்பிக் கொடுக்க ஏற்பாடு! தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற விவசாயத் தொழிலாளிக்கு யார் திருப்பிக் கொடுத்தார்கள்? உச்சத்தில் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் கிராமத்துப் பிள்ளைகள், அதிலும் பெண்கள். பிறகு சுமார் 2,000 கோடி ரூபாய் வருமான வரித் தகராறு. 2014 இல் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் ஒதுக்கிவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று கதவடைப்பு. கோடிக்கணக்கான போன்களைப் பூட்டிய விரல்களுக்கு மிஞ்சியது என்ன? விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு காசோலை, இருபத்தைந்து வயதில்! கட்டிடம் ஐந்தாண்டு பூட்டிக் கிடந்து, சால்காம்ப் என்னும் இன்னொரு அந்நியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. வடிவமைப்பும் காப்புரிமையும் ஒருநாளும் இங்கே இறங்கவே இல்லை.

பாடம் கற்றார்களா? 2020 இல் உற்பத்தி ஊக்கத்தொகை என்று மத்திய சர்க்கார் 40,951 கோடி ரூபாயை ஒதுக்கியது. கூடுதலாக விற்ற சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு 4 முதல் 6 ரூபாய் வரை கம்பெனிக்கு இனாம். நம் பெண்கள் ஐபோன் பூட்டும் பாக்ஸ்கானும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். அந்தப் பெண்களே 2021 டிசம்பரில், விடுதிச் சோறு நஞ்சாகித் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. குஜராத் சானந்தில் அமெரிக்க மைக்ரான் கம்பெனிக்கு 2023 இல் கொடுத்த வாக்கு இதையும் மிஞ்சும். திட்டச் செலவு 100 ரூபாய் என்றால் மத்திய சர்க்கார் 50, குஜராத் சர்க்கார் 20, கம்பெனி 30. ஆலை யாருக்குச் சொந்தம்? முப்பது போட்டவனுக்கு! குஜராத் தொழிலாளியோடு நமக்குப் பகையில்லை. அவனும் நம்மைப் போல எழுபதைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவன்தான்.

“வேலை கொடுக்கிறார்களே!” என்பார்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகும் கோர்ட்டுப் படியேறி, 2025 ஜனவரியில்தான் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது. சங்கம் வைப்பதற்கே இவ்வளவு பாடு.

“நமக்கு ஏது அந்த அறிவு?” என்றும் கேட்பார்கள். குடவோலைக்குப் பதிலாக இன்று நம் ஊர்ச் சாவடியில் இருக்கும் வாக்கு எந்திரம் யார் செய்தது? பெங்களூரில் 1954 இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸும், ஐதராபாத்தில் 1967 இல் தொடங்கிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும், இரண்டும் பொதுத்துறை. சென்னை ஐ.ஐ.டி.யில் பொதுப் பணத்தில் உருவான ‘சக்தி’ என்னும் கணினி மூளைச் சில்லை 2018 இல் சண்டிகர் பக்கத்து அரசுச் சில்லு ஆலையிலேயே வார்த்துக் காட்டினார்கள். கேரளம் 1973 இல் கெல்ட்ரானைத் தொடங்கியது. அந்நியச் சரக்குக்குக் கதவு திறந்த காலத்தில் அது நஷ்டத்தில் தள்ளாடியது உண்மை. ஆனால் அங்கே ஆலையை ஏலம் போட்டுவிடவில்லை. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தோடு 2024 இல் கண்ணூரில் பெருமின்தேக்கி செய்யும் ஆலையைத் திறந்தார்கள். மின்சாரத்தை நொடியில் வாங்கி நொடியில் கொடுக்கும் பாகம் அது.

இதில் கழனிக்காரனுக்கு என்ன? பம்ப்செட் ஸ்டார்ட்டரில் உள்ளங்கை அளவு மின்னணு அட்டை ஒன்று இருக்கிறது. அது கருகினால் மெக்கானிக் கையை விரிக்கிறான்: படம் இல்லை, பாகம் இல்லை, முழுசாக மாற்று! பயிர் வாடுகிறது, நாற்று நடப் போன பெண்ணுக்குக் கூலி இல்லை. தூக்கி எறிந்த அட்டை குப்பையில் எரிந்து அதே பெண்ணின் மூச்சில் ஏறுகிறது. பழுது பார்க்க முடியாத பொருளைச் செய்வது முதலாளிக்கு லாபம். நமக்கு இரட்டை நஷ்டம். எல்காட் 1977 முதல் தமிழ்நாடு சர்க்காரின் சொந்தக் கம்பெனி. பம்ப்செட் அட்டையையும் தெருவிளக்கு அட்டையையும் அது ஏன் செய்யக் கூடாது? உத்திரமேரூர்ப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் அதைப் பிரித்துப் பூட்ட ஏன் கற்றுத் தரக் கூடாது?

தோழர்களே! வருகிற கிராம சபையில் எழுந்து நின்று தீர்மானம் வையுங்கள். நம் மாவட்டத்தில் எந்த மின்னணுக் கம்பெனிக்கு எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, நிரந்தர வேலை எத்தனை பேருக்கு என்ற கணக்கைச் சர்க்கார் ஊர்ப் பலகையில் எழுத வேண்டும். பொதுப் பணம் வாங்கும் கம்பெனி பங்கைச் சர்க்காருக்கு எழுதித் தர வேண்டும். உதிரிப் பாகத்தையும் பழுது பார்க்கும் படத்தையும் வெளியிட வேண்டும். மினிட் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.